டர்ன்டேபிள் சீராகச் சுற்றுகிறதா? கம்ப்யூட்டரில் அளந்து பாருங்கள்

பழைய இசைத்தட்டுகளை கம்ப்யூட்டரில் பதிவு செய்து பைல்களாக மாற்றி வைத்துக்கொள்ளப் பலரும் விரும்புகிறார்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. டர்ன்டேபிள் சரியான வேகத்தில், சீராகச் சுற்றுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். வேகம் 1% கூடினால் 3 நிமிடம் 20 விநாடி ஓடும் பாட்டு 2 விநாடி முன்னதாகவே முடிந்துவிடும். சுருதியும் சற்று ஏறும். இதையாவது பின்னர் சாப்ட்வேரில் சரிசெய்துவிடலாம். வேகம் கூடிக் குறைந்து ஊசலாடினால் நாதஸ்வரத்தின் நீண்ட கார்வை அலை அலையாக வளைந்து கேட்கும். பதிவான பிறகு அதை நீக்குவது மிகக் கடினம். இந்த மெதுவான ஊசலாட்டத்திற்கு வாவ் என்றும், வேகமான நடுக்கத்திற்கு ப்ளட்டர் என்றும் பெயர்.

அளப்பதற்கு ஒரு டெஸ்ட் ரிகார்ட் வேண்டும். இதில் 3150 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று தொடர்ந்து பதிவாகியிருக்கும். சில பழைய டெஸ்ட் ரிகார்டுகளில் 3000 ஹெர்ட்ஸ் இருக்கும். உறையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். டர்ன்டேபிளின் வயரை போனோ பிரீஆம்ப் வழியாக கம்ப்யூட்டரின் லைன்-இன் ஜாக்கில் இணையுங்கள். லேப்டாப்பில் மைக் ஜாக் மட்டுமே இருந்தால் அதில் சொருக வேண்டாம், ஒலி சிதைந்துவிடும். லைன்-இன் உள்ள யு.எஸ்.பி. ஆடியோ அடாப்டர் வாங்கிக்கொள்வது நல்லது.

ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரைத் திறந்து, 44100 ஹெர்ட்ஸில் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி ஆகும். எனவே 10 முழுச் சுற்றுகள் அடங்குமாறு 18 விநாடிப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் கிளிக் செய்து, சைஸ் என்ற இடத்தில் 65536 எனக் கொடுங்கள். இங்கே 8192 என்று விட்டுவிட்டால் அளவுகோலின் ஒவ்வொரு படியும் 5.4 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். 65536 எனில் அது 0.7 ஹெர்ட்ஸ்தான். வரைபடத்தின் உச்சி 3166-இல் இருந்தால் உங்கள் டர்ன்டேபிள் 0.5% வேகமாக, அதாவது நிமிடத்திற்கு 33.5 சுற்று ஓடுகிறது என்று பொருள்.

இதையே காதாலும் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். ஜெனரேட் மெனுவில் டோன் என்பதைக் கிளிக் செய்து, புதிய டிராக்கில் 3150 ஹெர்ட்ஸ் ஒலியை உருவாக்குங்கள். இரண்டு டிராக்குகளையும் ஒரே அளவு சத்தத்தில் சேர்த்து ஓட விடுங்கள். ஒலி விட்டுவிட்டுத் துடிக்கும். விநாடிக்கு 3 துடிப்பு என்றால் வித்தியாசம் 3 ஹெர்ட்ஸ், ஏறத்தாழ 0.1%. துடிப்பின் வேகம் 1.8 விநாடிக்கு ஒருமுறை கூடிக் குறைந்தால் வாவ் இருக்கிறது. வேகம் கூடுதலா குறைவா என்பதை மட்டும் இது சொல்லாது.

வாவ், ப்ளட்டரை எண்ணாகக் காட்ட டபிள்யூஎஃப்ஜியுஐ போன்ற இலவச சாப்ட்வேர்கள் உண்டு. இங்கேதான் குழப்பம் தொடங்கும். காலையில் ஓர் எண், மாலையில் வேறு எண் வரும். முதலில் வெயிட்டிங் என்ற அமைப்பைப் பாருங்கள். மனிதக் காது விநாடிக்கு 4 முறை வரும் ஊசலாட்டத்தைத்தான் அதிகம் உணர்கிறது. அதனால் வெயிட்டிங் போட்டால் 4 ஹெர்ட்ஸ் முழுதாகக் கணக்கில் வரும். சுற்றுக்கு ஒருமுறை வரும் 0.56 ஹெர்ட்ஸ் ஊசலாட்டமோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். டி.ஐ.என்., ஜே.ஐ.எஸ். என்ற இரு தரமுறைகளும் கணக்கிடும் விதத்திலேயே வேறுபட்டவை. ஒன்றின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

அமைப்பை மாற்றாமலே எண் மாறினால்? எங்கள் பெரியப்பா வீட்டு டர்ன்டேபிளில் வெயிட்டிங் இல்லாமல் மூன்று முறை அளந்தபோது 0.18, 0.31, 0.24% என்று வந்தது. ரிப்பேர் கடைக்காரர் மோட்டாரையே மாற்றச் சொல்லியிருந்தார். நான் ஒவ்வொரு முறையும் ரிகார்டைக் கழற்றி மாட்டியிருந்தேன். கழற்றாமல் மூன்று முறை அளந்ததும் எண் நிலைத்துவிட்டது! ரிகார்டின் நடுத்துளை மையக் கம்பியைவிடச் சற்றுப் பெரியது. மாட்டும்போதெல்லாம் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறது. துளை 0.2 மி.மீ. விலகினால், மையத்திலிருந்து 100 மி.மீ. தள்ளி முள் ஓடும்போது ±0.2% வாவ் வரும். 60 மி.மீ. தூரத்தில் அதுவே ±0.33%. இதை வைத்தே யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்கலாம். டெஸ்ட் ஒலி ரிகார்டின் வெளி ஓரத்திலும் உள் ஓரத்திலும் இருந்தால் இரண்டையும் அளந்து பாருங்கள். உள்ளே போகப்போக எண் கூடினால் காரணம் துளை. மாறாவிட்டால் தட்டையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். பெரியப்பாவுடையதில் வெளியே 0.11, உள்ளே 0.21 வந்தது. அந்த மோட்டார் இன்னும் நன்றாக ஓடுகிறது.

சுவிட்சைப் போட்ட உடனே அளக்காதீர்கள். பெல்ட்டும் எண்ணெயும் சூடாகி நிலைபெற 20 நிமிடம் ஓட விடுங்கள்.

அடுத்தது மின்சாரம். சிங்க்ரோனஸ் மோட்டார் உள்ள டர்ன்டேபிள், மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றிச் சுற்றுகிறது. 50 ஹெர்ட்ஸ் 49.9 ஆனால் வேகமும் 0.2% குறையும். பவர்கட் நேரத்தில் இன்வெர்ட்டரில் அளந்தால் எண் இன்னும் வேறாக இருக்கலாம். 180 கோடுகள் கொண்ட ஸ்ட்ரோப் அட்டையை டியூப்லைட் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் இதில் எளிதாக ஏமாறுவார்கள். விளக்கும் மோட்டாரும் ஒரே மின்சாரத்தில் ஓடுவதால் இரண்டும் சேர்ந்தே தவறும். கோடுகள் அசையாமல் நிற்கும். கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டோ தனக்கென ஒரு கிரிஸ்டலை வைத்து நேரத்தைக் கணக்கிடுகிறது. ஆகவே இரண்டும் முரண்பட்டால் நான் கம்ப்யூட்டரைத்தான் நம்புவேன். பல எல்.இ.டி. பல்புகள் போதிய அளவு மினுக்குவதில்லை. அவற்றின் கீழ் கோடுகளே தெரியாது.

ஊசலாட்டம் சுற்றுக்கு ஒருமுறை இல்லாமல் விநாடிக்கு நான்கு முறைபோல் வந்தால் மோட்டார் பக்கம் திரும்புங்கள். 24 துருவ சிங்க்ரோனஸ் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்திற்கு 250 முறை, அதாவது விநாடிக்கு 4.17 முறை சுற்றும். அதன் கப்பியில் தூசியோ ரப்பர் துகளோ ஒட்டியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குலுக்கல் வரும். காதுக்கு மிகவும் உறுத்துவதும் இதுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் கப்பியையும், உலர்ந்த துணியால் பெல்ட்டையும் துடைத்துவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். எண் குறையாவிட்டால் புதிய பெல்ட் போட்டுப் பாருங்கள். அதற்கும் குறையவில்லை என்றால் மோட்டாரைப் பற்றி யோசிக்கலாம்.