பிரச்சாரத்துக்குப் போகும் முன் படிக்க வேண்டிய நான்கு



தேர்தல் வந்தால் நம்மில் பலர் ஏதாவது ஒரு கட்சிக்கு உதவப் போகிறோம். கொடி கட்டுறோம், துண்டறிக்கை கொடுக்கிறோம், லயம் லயமா ஏறி இறங்குறோம். எந்தக் கட்சி என்பது அவரவர் விருப்பம். ஆனா, என்ன படிச்சிட்டுப் போறோம்? தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த கேமரன் மலைத் தொகுதியை வைத்தே இதைப் பார்ப்போம்.

நடந்தது என்ன?

2018 மே 9 பொதுத்தேர்தலில் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் மஇகாவின் சி. சிவராஜ், ஜசெகவின் எம். மனோகரனை 597 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 299 பேர் மாற்றிப் போட்டிருந்தாலே முடிவு மாறியிருக்கும். மனோகரன் வழக்குப் போட்டார். ஓராங் அஸ்லி வாக்காளர்களுக்கு ஓட்டுக்காகப் பணம் கொடுக்கப்பட்டது என்று முடிவு செய்த தேர்தல் நீதிமன்றம், நவம்பர் 30-இல் அந்த வெற்றி செல்லாது என அறிவித்தது. 2019 ஜனவரி 26-இல் இடைத்தேர்தல் நடந்தது. தேசிய முன்னணியின் ரம்லி முகமட் நோர் வென்று, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஓராங் அஸ்லி ஆனார்.

1. தேர்தல் குற்றங்கள் சட்டம் 1954

முதலில் படிக்க வேண்டியது இதுதான். முழுசா முடியலைன்னா 8, 10, 32 ஆகிய மூன்று பிரிவுகளையாவது படியுங்கள். 10-ஆவது பிரிவு லஞ்சம் பற்றியது. 8-ஆவது பிரிவு, ஓட்டை வளைக்கும் நோக்கத்தில் வாங்கிக் கொடுக்கும் சாப்பாடு, பானம் பற்றியது. 32-ஆவது பிரிவுதான் நம்மைப் போன்ற உதவியாளர்களுக்கு முக்கியம். வேட்பாளர் தன் கையால் கொடுக்காவிட்டாலும், அவருடைய ஏஜெண்டு கொடுத்தது நிரூபிக்கப்பட்டால் தேர்தலே செல்லாமல் போகலாம்.

தெரிந்த அண்ணன் ஒருவர் கவரை நீட்டி, “தம்பி, இதை அந்தக் கடைசி வீட்ல கொடுத்துட்டு வா” என்று சொல்லலாம். “உள்ளே என்னண்ணே?” என்று கேட்கத் தெரியணும். பணம் என்றால் வாங்கக் கூடாது. மரியாதைக்காக வாங்கிக்கொண்டால், கொடுத்த கை நம்முடையதாகிவிடும்.

2. கூட்டரசு அரசியலமைப்பு

இதில் ஒன்பதாவது அட்டவணையைப் பாருங்கள். கல்வியும் தொழிலாளர் நலனும் கூட்டரசின் பட்டியலில் இருக்கின்றன. நிலம் மாநிலத்தின் பட்டியலில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளிக்குக் கட்டடம் வேணும்னா கூட்டரசு அரசாங்கத்திடம் பேசணும். கோயில் நிலத்துக்குப் பட்டா வேணும்னா பகாங் மாநில அரசிடம் பேசணும். கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதிக்குள் தானா ராத்தா, ஜெலாய் என இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. நாடாளுமன்ற வேட்பாளர் பெயரில் “பட்டா வாங்கித் தர்றோம்” என்று வீடு வீடாகச் சொல்வதற்கு முன் இந்த அட்டவணையை ஒரு தடவை படிச்சாலே, பொய்யான வாக்குறுதியை நம் வாயால் சொல்ல மாட்டோம்.

3. தோட்டத்து மக்களின் கதை

ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலை நிறுவனத்தை 1929-இல் தொடங்கினார். அந்தக் காலத்தில் மலையில் காட்டை வெட்டிக் கொழுந்து பறித்தவர்களில் நம் முன்னோர் உண்டு. அந்த வாழ்க்கையைப் புரிந்துகொள்ள பி. எச். டேனியலின் ‘எரியும் பனிக்காடு’ நாவலைப் படியுங்கள். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதியது, இரா. முருகவேள் தமிழாக்கினார். நம் நாட்டு ரப்பர் தோட்டங்களுக்கு அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ இருக்கிறது.

ஆனா கதையோடு நிற்காதீங்க. இன்று தேயிலைத் தோட்ட வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. நம் குடும்பங்கள் பல பட்டணத்துக்கு இறங்கிவிட்டன. வாக்காளர் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

4. திருக்குறள்

பொருட்பாலில் ‘சொல்வன்மை’ 65-ஆவது அதிகாரம். பிரச்சாரத்துக்குப் போகிறவர்கள் அதை விரும்பிப் படிப்பார்கள். அதற்கு அடுத்த அதிகாரம் ‘வினைத்தூய்மை’. நன்றாகப் பேசத் தெரிந்தவனுக்கு, சுத்தமாக வேலை செய்யவும் தெரியணும் என்ற வரிசையாகவே நான் இதைப் பார்க்கிறேன். இருபது குறள்தான்; இரண்டு அதிகாரத்தையும் சேர்த்தே படியுங்கள்.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுகிறார்கள். அதனால் நம் மன்றத்தில் பலர் அடுத்த தேர்தலில் முதல் ஓட்டும் போடுவார்கள், முதல் பிரச்சாரமும் செய்வார்கள்.

கலந்துரையாட:

அ) கோயில் விருந்துக்கும் ஓட்டுக்கான விருந்துக்கும் என்ன வித்தியாசம்?
ஆ) உங்கள் ஊரின் மூன்று பிரச்சினைகளை எழுதுங்கள். எது கூட்டரசைச் சேர்ந்தது, எது மாநிலத்தைச் சேர்ந்தது?
இ) கவரைக் கொடுக்கும் அண்ணனிடம், உறவு முறியாமல் எப்படி மறுப்பீர்கள்? இரண்டு பேர் பேசி நடித்துக் காட்டுங்கள்.