இரத்தம்: தேர்வுக்கு முக்கியக் குறிப்புகள்

• வளர்ந்தவர் உடலில் உள்ள இரத்தம் சுமார் 5 லிட்டர். அதில் 55 விழுக்காடு பிளாஸ்மா, 45 விழுக்காடு செல்கள். பிளாஸ்மாவில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர்தான்.

• சிவப்பணு உருவாகும் இடம் சிவப்பு எலும்பு மஜ்ஜை. ஆயுள் 120 நாள். முதிர்ந்த மனிதச் சிவப்பணுவில் உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. மைட்டோகாண்ட்ரியா இல்லாததால், சுமந்து போகும் ஆக்சிஜனை அது தனக்கென்று செலவழிப்பதில்லை. இப்படிக் காரணத்தோடு படித்தால் மறக்காது. ஒட்டகத்தின் சிவப்பணு நீள்வட்ட வடிவம் கொண்டது. உட்கரு அதிலும் கிடையாது. உண்டு என்று குறித்து வைத்திருந்தால் இன்றே திருத்திக்கொள்ளுங்கள்.

• ஹீமோகுளோபினின் மையத்தில் இருப்பது இரும்பு. ஒரு மூலக்கூறு 4 ஆக்சிஜன் மூலக்கூறுகளை ஏற்கும். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக அதே இடத்தைப் பற்றிக்கொள்ளும். மூடிய அறையில் கரியடுப்பை மூட்டிவிட்டு உறங்குவது உயிரைப் பறிப்பது இதனால்தான்.

• இரத்தசோகை வரையறை (உலக சுகாதார நிறுவனம்): ஒரு டெசிலிட்டருக்கு ஆண்களில் 13 கிராமுக்கும், கருவுறாத பெண்களில் 12 கிராமுக்கும் கீழ்.

• வெள்ளையணு 5 வகை. எண்ணிக்கையில் முதலிடம் நியூட்ரோஃபில். எதிர்ப்பொருளுக்குத் தொடர்புடையது லிம்போசைட்.

• இரத்தத் தட்டுகள்: ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 முதல் 4.5 லட்சம். டெங்குவில் குறையும். உறைதலுக்கு வைட்டமின் கே, கால்சியம் தேவை. திராம்பின், ஃபைப்ரினோஜெனை ஃபைப்ரினாக மாற்றுகிறது.

• ஏபிஓ வகைகளுக்கு வழி திறந்தவர் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர். 1901இல் வெளியிட்ட ஆய்வு, 1930இல் நோபல் பரிசு. அவர் பிறந்த ஜூன் 14 உலக இரத்தக் கொடையாளர் நாள். ஏபி வகையைக் கண்டவர் அவரல்லர். 1902இல் டெகாஸ்டெல்லோவும் ஸ்டர்லியும். வினாத்தாளில் சறுக்கும் இடம் இது.

• சிவப்பணுவை ஏறக்குறைய எல்லோருக்கும் தரக்கூடியது ஓ நெகட்டிவ். பிளாஸ்மாவுக்கு இது தலைகீழ்: ஏபி வகையில் ஏ, பி எதிர்ப்பொருள்கள் இரண்டுமே இல்லாததால் அதன் பிளாஸ்மா எல்லோருக்கும் பொருந்தும்.

• பம்பாய் இரத்த வகை: 1952இல் பெண்டேயும் உடன் ஆய்ந்தோரும் அறிவித்தது. எச் ஆன்டிஜெனே இல்லை; வழக்கமான சோதனையில் ஓ போலத் தெரியும். ஆனால் ஓ இரத்தத்தில் எச் உண்டு. ஆகவே இவர்களுக்கு ஓ இரத்தம் ஏற்றினாலும் ஆபத்து. இதே வகையினரின் இரத்தம்தான் வேண்டும்.

• ஆர்எச் நெகட்டிவ் தாய், ஆர்எச் பாசிட்டிவ் குழந்தை: முதல் பேறு பெரும்பாலும் சிக்கலின்றி முடியும். பிரசவத்தில் கலக்கும் குழந்தையின் இரத்தத்தால் தாயுடலில் எதிர்ப்பொருள் உருவாகி, அடுத்த கருவின் சிவப்பணுக்களை அழிக்கும். நோயின் பெயர் எரித்ரோபிளாஸ்டோசிஸ் ஃபீட்டாலிஸ். பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி. இந்த 72 மதிப்பெண்ணுக்கு மட்டுமல்ல. உங்கள் வீட்டுப் பெண்களுக்கும் சொல்லி வையுங்கள்.

• கதிர் அரிவாள் இரத்தசோகை: பீட்டா சங்கிலியின் 6ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின். இது மூலக்கூறு நோய் என்று 1949இல் சொன்னவர் லைனஸ் பாலிங். இந்தியாவில் இதன் மரபுக்கூறு 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் பதிவானது; தமிழ்நாட்டுத் தேர்வர் இதை விடக் கூடாது. ஒரு மரபணு மட்டும் மாறிய தாங்கிகளுக்குக் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது. மலேரியா நிலவிய பகுதிகளில் இந்த மரபணு நிலைத்ததற்கு இதுவே காரணம். கதிர் அரிவாள் இரத்தசோகைக்கான தேசிய ஒழிப்பு இயக்கம் தொடங்கியது 2023 ஜூலை 1, மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில். இலக்கு ஆண்டு 2047. பெற்றோர் இருவரும் தாங்கிகள் என்றால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. திருமணத்துக்கு முன்பே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.