அகச்சிவப்பில் ஊரைப் படமெடுக்க வரும் பிள்ளைகளுக்கு

சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் கேமரா எடுத்திருக்கும் தம்பி, தங்கச்சிகளே! அகச்சிவப்புக் கறுப்பு வெள்ளைப் படம் என்றதும் எந்த பில்டர், எந்த லென்ஸ் என்றுதான் முதலில் கேட்கிறீர்கள். எந்த மாதம், எந்தத் திசை, எந்த மரம் என்று கேளுங்கள். பில்டர் கடையில் கிடைத்துவிடும். மற்றவற்றை ஊரில் நடந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. இலையைப் புரிந்துகொள்ளுங்கள். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய 700 நானோமீட்டரில் முடிந்துவிடுகிறது. அதை அடுத்து வரும் அகச்சிவப்பைப் பச்சையம் உறிஞ்சுவதில்லை. இலைக்குள் இருக்கும் உயிரணுக்களிலும் காற்றிடைவெளிகளிலும் பட்டுச் சிதறி அது வெளியே வந்துவிடும். அதனால்தான் வேம்பும் புளியும் படத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கின்றன. நீல வானத்திலிருந்து அகச்சிவப்பு மிகக் குறைவாகவே வருகிறது, ஆகவே வானம் கறுக்கிறது. தண்ணீர் அதை உறிஞ்சிவிடுவதால் குளமும் கறுப்பாகிறது, மேல்பரப்பில் மேகத்தின் பிம்பம் விழுந்த இடம் மட்டும் வெளுக்கும். அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் 1910-இல் வெளியிட்ட படங்களில் உலகம் முதன்முதலாகப் பார்த்தது இதைத்தான்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். இதற்கு மேலான அறிவுரை என்னிடம் இல்லை. நம்முடையது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி, வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் கரிசல் பூமி. பங்குனி, சித்திரையில் போனால் காய்ந்த புல்லும் வெடித்த மண்ணும் ஒரே சாம்பலாக விழும், எதுவும் எதிலிருந்தும் பிரிந்து நிற்காது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, குளங்களில் தண்ணீர் நின்று, பயிர் தழைத்திருக்கும் மார்கழி, தை மாதங்கள்தான் நமக்கு வாய்த்த காலம். கறுத்த தண்ணீர், வெள்ளைக் கரை மரங்கள், கறுத்த வானம் மூன்றும் ஒரே சட்டத்துக்குள் கிடைக்கும். சீமைக் கருவேல மரம் கோடையிலும் பச்சையாகவே நிற்கும், அவசரத்துக்கு அதுவும் உதவும்.

3. வெயிலுக்கு ஒதுங்காதீர்கள். மற்றவர்கள் கேமராவைப் பைக்குள் வைக்கும் பதினோரு மணி வெயிலில்தான் இலை பளிச்சென்று எழும். ஆனால் மலை வேண்டுமென்றால் காலையிலேயே போய்விடுங்கள். புளியங்குடி, வாசுதேவநல்லூர்ப் பக்கம் மலை நமக்கு மேற்கே இருக்கிறது, அதன் கிழக்குச் சரிவில் காலை வெயில்தான் நேராக விழும். பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட, சரிவு நிழலாகிவிடும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், நடுப்பகலில் வடக்கு நோக்கி நின்றால் வானம் ஆழக் கறுக்கும்.

4. பழைய கேமராவே போதும். கேமராவின் சென்சார் அகச்சிவப்பை உணரக்கூடியது, அதைத் தடுக்க முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடியை வைத்திருப்பார்கள். நிக்கான் டி70, டி40 போன்ற பழைய கேமராக்களில் அந்தத் தடுப்பு சற்று பலவீனமானது. உங்கள் கேமராவைச் சோதிக்க, இருட்டறையில் டிவி ரிமோட்டை அழுத்திப் பிடித்துச் சில விநாடி படமெடுங்கள். ரிமோட்டின் முனை பிரகாசமாக விழுந்தால் வேலை நடக்கும். 720 நானோமீட்டர் பில்டர் ஒன்று வாங்குங்கள். தடுப்புக் கண்ணாடியைக் கழற்றி மாற்றும் செலவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

5. அந்த பில்டர் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. பார்க்கக் கறுப்பாக இருப்பதால் பாதுகாப்பு என்று தோன்றும். கண்ணைச் சுடும் அகச்சிவப்பை அது அப்படியே உள்ளே விடுகிறது.

6. முக்காலியை நிறுத்தி, சட்டத்தை அமைத்து, போக்கஸ் செய்த பிறகே பில்டரைத் திருகுங்கள். மாட்டிவிட்டால் வியூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது. அகச்சிவப்புக்குப் போக்கஸ் இடம் சற்றே மாறும், பழைய லென்ஸ்களில் அதற்கென்று சிவப்புப் புள்ளி இருக்கும். இல்லையென்றால் எஃப்8-இல் வைத்து, சிறிது முன்னே பின்னே நகர்த்தி எடுத்துப் பாருங்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 200, எஃப்8, பத்து முதல் இருபது விநாடி என்று தொடங்கலாம், கேமராவுக்குக் கேமரா இது மாறும். வியூஃபைண்டரை மூடிவையுங்கள், பின்பக்கமாக ஒளி புகுந்து படத்தைக் கெடுக்கும். கேமரா மேல் வெள்ளைத் துண்டு ஒன்றைப் போடுங்கள், சூடேறினால் புள்ளிகள் பெருகும். ஹிஸ்டோகிராமில் சிவப்பைத் தனியாகப் பாருங்கள், முதலில் வெளுத்துப்போவது அதுதான். ரா கோப்பில் எடுத்து வீட்டில் கறுப்பு வெள்ளை ஆக்குங்கள். படத்தின் நடுவில் வெளிறிய வட்டம் தெரிந்தால் அது லென்ஸின் குணம், வேறு லென்ஸ் மாட்டுங்கள்.

7. ஆடிக் காற்றில் பனையைத் தேடிப் போகாதீர்கள். இருபது விநாடியில் ஓலை பஞ்சாகிவிடும். தேவர்குளம் பக்கத்துக் காற்றாலைகளில் சுழலும் இறக்கைகள் கரைந்து தூண் மட்டும் நிற்கும். அதை வேண்டியே எடுப்பதென்றால் எடுங்கள்.

8. தூசி மூட்டத்தை அகச்சிவப்பு ஓரளவு ஊடுருவும், தூரத்து மலை தெளியும். பனிமூட்டத்தையும் மேகத்தையும் ஊடுருவாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு பயணத்தை வீணாக்காதீர்கள்.

9. கழுகுமலைக்கு ஒருமுறை போங்கள். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோவில், ஒரே பாறையில் மேலிருந்து கீழாகக் குடையப்பட்டு, முடிக்கப்படாமல் நிற்கிறது. கல்லின் சாம்பல் நிறத்துக்குப் பக்கத்தில் வெள்ளை மரங்கள் வரும்போது உளி பட்ட இடங்கள் தனித்துத் தெரியும். பாதுகாக்கப்பட்ட சின்னம் அது, முக்காலியை விரிக்குமுன் காவலரிடம் கேளுங்கள்.

10. மினுங்கும் ஒளிவட்டத்தைக் கணினியில் பூசாதீர்கள். பழைய படங்களில் நீங்கள் பார்ப்பது கோடாக் எச்ஐஇ ஃபிலிமின் குணம். ஒளி திரும்பச் சிதறாமல் தடுக்கும் பூச்சு அதில் கிடையாது. 2007-இல் அந்த ஃபிலிமை நிறுத்திவிட்டார்கள். நம் வேம்புக்கு அந்த ஒளிவட்டம் வேண்டாம்.

11. பூப்பறிக்கும் பெண்களை, வரப்பில் வேலை செய்பவர்களைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. சில துணிகள் அகச்சிவப்பில் மெல்லியதாகத் தெரியும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

12. குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். மாதம், மணி, நின்ற இடம், பார்த்த திசை நான்கையும் எழுதுங்கள். அதே தோப்பை மார்கழியிலும் பங்குனியிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மரத்தின் நலத்தையும் இப்படிப்பட்ட படங்கள் காட்டக்கூடும். மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில், 1970-இல் அறிவியலாளர் பி. ஆர். பிஷாரடி தலைமையில் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்பு ஃபிலிமில் தென்னந்தோப்புகளைப் படம்பிடித்து, வேர்வாடல் நோய் கண்ட மரங்களைப் பிரித்தறிந்தார்கள். இந்தியாவின் தொலையுணர்வு ஆய்வே அங்கிருந்துதான் வளர்ந்தது. நம் கையிலுள்ள கேமரா நோயின் பெயரைச் சொல்லாது, நிழல் விழுந்தாலும் மரம் மங்கும். ஆனாலும் ஒரு தோப்பில் ஒரே ஒரு தென்னை மட்டும் படத்துக்குப் படம் மங்கலாக வந்தால், கணினியில் அதை வெளுப்பாக்குமுன் தோட்டக்காரரிடம் காட்டுங்கள்.