பின்னணிப் பணியும் திரையும்

2021ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'போஷன் டிராக்கர்' செயலியில் அங்கன்வாடிப் பணியாளர்கள் குழந்தைகளின் எடை, உயரம் ஆகியவற்றைப் பதிவு செய்கின்றனர். இத்தகைய செயலிகளில், பதிவு மையக் கணினியை அடைந்ததா என்பதைத் திரை உள்ளவாறே காட்டுதல் வேண்டும்.

ஆண்ட்ராய்டு முறையில் திரையை இயக்கும் முதன்மை இழை ஒன்றே. வலைத்தொடர்பு போன்ற நெடும்பணியை அதில் ஏற்றினால் திரை உறைந்துவிடும். எனவே அப்பணி பின்னணி இழைக்குச் செல்கிறது. இடர்ப்பாடு முடிவைத் திருப்பித் தருவதில்தான் உள்ளது. கைப்பேசியைச் சாய்த்தாலே, பொதுவாக, பழைய திரை அழிந்து புதியது உருவாகிறது. முன்னர் வழங்கிய 'ஏசிங்க்டாஸ்க்' பெரும்பாலும் பழைய திரையையே பற்றி நின்றது, முடிவு வீணாயிற்று. 2020இல் அது கைவிடத்தக்கதென அறிவிக்கப்பட்டது.

பின்னணிப் பணி திரையை அறியவே வேண்டுவதில்லை. முடிவை அது கைப்பேசியின் தரவுத்தளத்தில் எழுதட்டும். திரை அத்தரவைக் கவனித்திருக்கட்டும். 2017இல் வெளிவந்த 'லைவ்டேட்டா' இதற்கென அமைந்ததே: திரை செயற்பாட்டில் உள்ளபோது மட்டுமே மாற்றத்தைத் தெரிவிக்கும். புதிதாக உருவாகும் திரையும் "காத்திருக்கிறது", "சேர்ந்தது" என்னும் நிலையை அங்கிருந்தே பெறும். பணி தொடங்கியவுடனேயே பச்சைக் குறி காட்டும் செயலிகளும் உண்டு. தபாலை எழுதி முடிக்குமுன் பதிவு ரசீது தருவதை ஒக்கும் இது. நிலை சரியாகத் தெரியுமாயின், தொடர்பு கிட்டாத சிற்றூரிலும் ஒரே குழந்தையின் எடையைப் பணியாளர் இருமுறை பதிய நேராது.