ரிமாண்டில் இருந்த நாள்கள் தண்டனையில் கழியுமா?

கேள்வி: ஐயா, வாய்க்கால் தகராறில் நடந்த அடிதடி வழக்கில் என் மகன் கைதாகி 75 நாள் ரிமாண்டில் இருந்தான். பிறகு ஜாமீனில் வந்து, தறி வேலை பார்த்துக்கொண்டே இரண்டு வருடம் கோர்ட்டுக்கு அலைந்தான். போன வாரம் தீர்ப்பு வந்தது: ஓராண்டு சிறை, 5,000 ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் மேலும் மூன்று மாதம். உள்ளே இருந்த 75 நாள் வீண்தானா? ஜாமீனில் அலைந்த காலமும் கணக்கில் வருமா?
– ஒரு தாய், திருமுக்கூடல்

பதில்: வீண் இல்லை அம்மா. அதே வழக்கில் தீர்ப்புக்கு முன் சிறையில் இருந்த நாள்களைத் தண்டனையில் கழித்தே ஆக வேண்டும். 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத இந்த உரிமை, 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428-வது பிரிவில் வந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 468-வது பிரிவு. உங்கள் மகன் இனி இருக்க வேண்டியது சுமார் 290 நாள். ஜாமீன் காலம் சேராது. உள்ளே இருந்த நாள்தான் கணக்கு.

அபராதத்தைக் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். அதற்கான மூன்று மாதத்தில் இந்த 75 நாளைக் கழிக்க முடியாது. இரண்டுக்கும் ஓர் உதாரணம்: சொத்துக்குவிப்பு வழக்கில் 4 ஆண்டு தண்டனை பெற்ற வி.கே.சசிகலா, 2017 பிப்ரவரி 15 அன்று சரணடைந்தார். அதே வழக்கில் முன்பு சிறையில் இருந்த நாள்கள் கழிந்ததால், நான்காண்டு முடியுமுன்பே 2021 ஜனவரி 27 அன்று விடுதலையானார். 10 கோடி ரூபாய் அபராதத்தைக் கட்டாமல் இருந்திருந்தால் அந்தத் தேதி 2022 பிப்ரவரிக்குப் போயிருக்கும்.

ஒரே நேரத்தில் இரண்டு வழக்குகளில் ரிமாண்டில் இருந்தவருக்கு, அந்த நாள்கள் இரண்டு தண்டனையிலும் கழியும் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. ஆயுள் தண்டனைக் கைதிக்கும் இந்தக் கழிவு உண்டு என்பது 1985-ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

சிறை அலுவலகம் கணக்குப் போடுவது கோர்ட் அனுப்பும் தண்டனை வாரண்டை வைத்துத்தான். தீர்ப்பு நகலிலும் வாரண்டிலும் ரிமாண்டுக்குப் போன தேதி, ஜாமீனில் வந்த தேதி இரண்டும் சரியாக இருக்கின்றனவா என்று வக்கீலிடம் கேளுங்கள். விடுபட்டிருந்தால் தண்டித்த கோர்ட்டிலேயே மனுப் போடலாம். வக்கீலுக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழையுங்கள். சிறையில் இருப்பவருக்கு அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.