கச்சி ஏகம்பத்து மாவடி

மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றாலும் சிறந்த திருக்கோயில்களைப் போற்றுவது நம்மவர் மரபு. இவற்றோடு தலமரத்தையும் சேர்த்து எண்ணுவர் பெரியோர். பெரும்பாலான தலங்களில் கோயிலுக்கு ஒரு மரம் அமைந்திருக்கும். காஞ்சியிலோ மரத்திற்குக் கோயில் அமைந்தது எனலாம். ஆம்ரம் என்பது மாமரத்தைக் குறிக்கும் வடசொல். ஏகாம்ரம் என்றால் ஒற்றை மா. அதுவே ஏகாம்பரம், ஏகம்பம் எனத் திரிந்து இறைவனுக்கும் தலத்திற்கும் பெயராயிற்று. எனவே இம்மரம் இல்லாது போயின் அப்பெயர் பொருளிழந்து நிற்கும்.

அம்மை கம்பையாற்றங்கரையில் மாமரத்தின் நிழலில் மணலால் இலிங்கம் அமைத்துப் பூசித்த வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் திருக்குறிப்புத்தொண்ட நாயனார் புராணத்தில் விரித்துரைக்கின்றார். ஆறு பெருக்கெடுத்து வர, இலிங்கம் கரைந்துவிடுமோ என அஞ்சி அம்மை அதனைத் தழுவிக்கொள்ள, இறைவன் குழைந்து வளைத்தழும்பும் முலைத்தழும்பும் ஏற்றான். தழுவக் குழைந்த நாதர் என்னும் திருநாமம் அதனால் வந்தது. மூவர் முதலிகளும் பாடிய தலம் இது. இடக்கண் பார்வையைச் சுந்தரர் மீளப் பெற்றதும் இவ்விடத்திலேயே. ஐம்பூதத் தலங்களுள் இது பிருதிவித் தலம், அதாவது மண்ணின் தலம்.

இங்கு ஒரு நுட்பத்தைச் சிந்தித்தல் வேண்டும். மூலவர் மணல் இலிங்கம் ஆதலின் அவர் திருமேனிக்கு நீராட்டு இல்லை. புனுகு சாத்துவர், அபிடேகம் ஆவுடையாருக்கே நிகழும். நீராட்டிக் குளிர்விக்க அன்பர் உள்ளம் விழைந்தாலும், அந்த விழைவை அடக்கிக்கொள்வதே இங்கு வழிபாடாக விதிக்கப்பட்டிருக்கின்றது. திருமேனியைக் காப்பதும் பூசையின் பகுதியே என்பது முன்னோர் கண்ட முறை. மாவடிக்கும் இம்முறை பொருந்துமன்றோ?

கருவறைக்குப் பின்புறம் பிராகாரத்தில் நிற்கும் இம்மாவின் வயது 3500 ஆண்டு என்பது கோயில் மரபு. நான்கு கிளைகள் நான்கு வேதங்கள் என்றும், அவற்றின் கனிகள் நால்வேறு சுவையுடையன என்றும் கூறுவர். மாமரம் நூறாண்டு கடந்து வாழ்வது இயல்பு. 300 ஆண்டு கண்டனவும் உண்டு. இதை வைத்துக்கொண்டு வயதைப் பற்றி வழக்காடுவோர் சிலர். அவ்வழக்கு நமக்கு வேண்டா. ஒரே இடத்தில் ஒரே மரபாக மா தழைத்து வந்தது என்று கொள்வதில் மரபுக்கு இழுக்கு ஒன்றுமில்லை. பழைய மரம் முதுமையுற்றுப் பட்டுப்போக, அதன் அடிமரப் பகுதி கோயிலுள் கண்ணாடிக்குள் பேணப்படுகின்றது. மாவடியில் இன்று அன்பர்கள் வலம் வருவது இளைய மரத்தை. ஆகவே முன்னைய மரத்திற்கு நேர்ந்தது இதற்கும் விரைந்து நேராதிருக்க என்ன செய்யலாம் என்பதே இப்போது கருதத்தக்கது.

கோயில் மரத்தின் மீது கோடரி வைக்கத் துணிவார் இலர். மதிலும் அச்சமும் அதனைக் காக்கின்றன. ஆனால் மரத்தின் உயிர் மண்ணுக்குள் இருக்கின்றது. நீரும் சத்தும் உறிஞ்சும் நுண்வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் மூன்றடி ஆழத்திற்குள்ளேயே பரவுகின்றன. கிளையின் நிழல் விழும் எல்லையையும் தாண்டிச் செல்கின்றன. அவ்வேர்களுக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். அடிமரம் வரை சிமெண்டு பூசி, இடைவெளியின்றிக் கல் பதித்துவிட்டால் மழைநீர் உள்ளே இறங்காது, காற்றும் புகாது. மரம் உடனே சாய்வதில்லை. ஆண்டுதோறும் ஒரு கிளை உலரும், காய்ப்புக் குறையும், பின் கறையானும் தண்டுத் துளைப்பானும் குடிபுகும். அப்போது நாம் பூச்சியைப் பழிக்கின்றோம்.

கோயிலுக்கு வெளியே உள்ளதும் இதில் அடங்கும். வேகவதியும் பாலாறும் நீர் நிறைந்தோடிய காலத்துக் காஞ்சி வேறு. நெசவாளர் தெருக்களில் முற்றமும் கிணறுமாக இருந்த வீடுகள் அடுக்கு வீடுகளாகவும் விடுதிகளாகவும் மாறி, ஆழ்துளைக் கிணறுகள் பெருகும்போது நிலத்தடி நீர் கீழிறங்குகின்றது. ஊர் வளர்வது குற்றமன்று. பிழைப்புக்கு அது வேண்டும். ஆயினும் பட்டுச் சேலையின் முந்தானையில் மாங்காய்ப் புட்டாவை இழை பிசகாது நெய்யும் ஊர், மண்ணில் நிற்கும் மாவுக்கு நீர் இறங்க நாலடி நிலம் விடத் தயங்குவது பொருந்தாது.

ஊர் வளரத் தலமரம் ஊரைவிட்டு நீங்கியதற்குச் சான்று தில்லை. தில்லை மரக்காடாய் இருந்ததாலேயே சிதம்பரத்திற்கு அப்பெயர். இன்று அம்மரத்தைக் காண விழைவோர் பிச்சாவரத்துக் கழிமுகக் காட்டிற்குச் செல்ல வேண்டும். மதுரையிலும் பழங்கடம்பின் பட்ட அடிமரமே கோயிலுள் பேணப்படுகின்றது.

காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலும் வைகுந்தப் பெருமாள் கோயிலும் மத்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ளவை. அத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பலாகாது என 2010-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் விதிக்கின்றது. கல்லுக்கு இவ்வளவு எல்லை வகுத்த நாம் உயிருள்ள மரத்திற்கு வகுத்தது சிறிதே. டில்லியில் மரங்களின் அடியைச் சுற்றி ஒரு மீட்டர் அளவு சிமெண்டை அகற்ற வேண்டும் எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் ஆணையிட்டது. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி கருநாடகத்து நல்லூர்ப் புளியந்தோப்பு 2007-இலும், திண்டுக்கல் மாவட்டக் காசம்பட்டிக் கோயிற்காடு 2025-இலும் பல்லுயிர் மரபுத் தலங்களாக அறிவிக்கப்பட்டன. தோப்புக்குக் கிடைத்த காவல் தனிமரத்திற்கும் கிடைக்க வழி தேடுதல் தக்கோர் கடன்.

கொல்கத்தாவை அடுத்த சிப்பூர்த் தாவரத் தோட்டத்துப் பேராலின் நடுமரம் பூசணத்தால் அழுகவே, 1925-இல் அதனை அகற்றினர். விழுதுகள் ஊன்றியிருந்தமையால் ஆல் இன்றும் பரந்து நிற்கின்றது. மாவுக்கு விழுது இல்லை. ஒட்டுக் கட்டியும் பதியன் போட்டும் மனிதர்தாம் அதன் மரபைத் தொடர வைக்க வேண்டும். மரம் வலிவோடு இருக்கும்போதே நந்தவனத்தில் கன்றுகள் வளர்த்து வைப்பது நன்று. பட்ட பிறகு ஒட்டுக்குத் துளிர் கிடைக்காது.

வழிபட வரும் அன்பர்கள் செய்யத்தக்கவை எளியவை. மரப்பட்டையில் மஞ்சளும் குங்குமமும் அப்புதல், அடிமரத்தில் பாலும் எண்ணெயும் ஊற்றுதல், வேரருகே கற்பூரம் ஏற்றுதல் ஆகியவற்றைத் தவிர்க்கலாம். மகப்பேறு வேண்டித் தொட்டில் கட்டுவோர் கிளையை இறுக்கும் நைலான் கயிற்றை விட்டு, கோயிலார் காட்டும் இடத்தில் கட்டலாம். கீழே உதிர்ந்த இலை மண்ணுக்கு எருவாகும், கிடக்கட்டும். மாவடியை வலம் வரும்போது கல் பாவிய வழியிலேயே நடந்து, மரத்தைச் சூழ்ந்த மண்ணை மிதியாது செல்க. அம்மை இலிங்கம் பிடித்த மண் அது.