எலும்பு முறிஞ்சா வலியைப் பொறுத்துக்கத்தான் வேணுமா?

வாலிபால் கோர்ட்ல எகிறி அடிச்ச உங்க ரூம்மேட், இறங்கும்போது கையை ஊன்றி விழுந்துட்டான்னு வச்சுக்கோங்க. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே கை கோணலா நிக்குது. நாலு பேர் சேர்ந்து ஆட்டோ பிடிச்சு கேஷுவாலிட்டிக்குக் கொண்டு போறீங்க. "எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க, பார்க்கலாம்" என்று அனுப்பி விடுகிறார்கள். எக்ஸ்ரே அறை வாசலில் வரிசை. முக்கால் மணி நேரம் அவன் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். "எலும்பு உடைஞ்சா வலிக்கத்தான்டா செய்யும்"னு யாரோ ஆறுதல் சொல்றாங்க.

இந்தக் கட்டுரை அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றியது. அதில் செய்யக்கூடியது நிறைய இருக்கு. கூட வந்தவங்க கேட்டாலே சில சமயம் நடந்துவிடும்.

முதல்ல, வலி எங்கிருந்து வருது? எலும்பைச் சுற்றி பெரியாஸ்டியம் என்று ஒரு மெல்லிய உறை இருக்கிறது. வலியைக் கடத்தும் நரம்பு முனைகள் அதில் மிக நெருக்கமாக இருக்கின்றன. எலும்பு முறியும்போது இந்த உறை கிழிகிறது. முறிந்த முனைகள் ஒன்றோடொன்று உரச உரச வலி புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கும். சுற்றியுள்ள தசைகள் இறுகி முனைகளை இன்னும் இழுக்கும். உள்ளே ரத்தம் கசிந்து வீக்கம் ஏறும். ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அவன் கத்துவது இதனால்தான்.

அப்போ முதல் வலி நிவாரணி எது? மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை. அசையாமல் கட்டுவது. நம்ம ஊர்ல சொல்ற மாதிரி, சிம்பு வச்சுக் கட்டுறது. ஒரு அட்டைப் பெட்டியைக் கிழிச்சாலும் போதும், தடிமனா மடிச்ச செய்தித்தாள் இருந்தாலும் போதும். முறிவுக்கு மேலே உள்ள மூட்டும் கீழே உள்ள மூட்டும் இரண்டுமே அசையாதபடி, துப்பட்டாவோ துண்டோ வைத்து, இறுக்காமல் கட்டணும். கோணலா இருக்கிற கையை நேராக்க முயற்சி பண்ணாதீங்க, இருக்கிற நிலையிலேயே கட்டுங்க. மோதிரம், வாட்ச், வளையல் எல்லாத்தையும் உடனே கழற்றுங்க. வீங்கின பிறகு வெட்டித்தான் எடுக்கணும். துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். தைலம் போட்டு உருவி விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். புத்தூர் கட்டு மேல உங்க வீட்ல எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் சரி, எலும்பு தோலைக் கிழிச்சு வெளியே தெரிஞ்சாலோ, விரல் மரத்துப் போனாலோ, வெளுத்துப் போனாலோ முதலில் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரிதான்.

சிம்பு சாதாரண விஷயம்னு நினைக்காதீங்க. ஹியூ ஓவன் தாமஸ் என்ற 19-ஆம் நூற்றாண்டு லிவர்பூல் மருத்துவர் இரும்புக் கம்பியும் தோல் வளையமும் வைத்து காலுக்கு ஒரு சட்டம் செய்தார். அவர் 1891-ல் இறந்தார். முதல் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்த வீரர்கள் ரத்தப்போக்கிலும் அதிர்ச்சியிலும் ஏராளமாக இறந்துகொண்டிருந்தபோது, அவருடைய உறவினரும் மாணவருமான ராபர்ட் ஜோன்ஸ் அந்தச் சட்டத்தைப் போர்முனைக்குக் கொண்டு போனார். இறப்பு வெகுவாகக் குறைந்தது. தாமஸ் ஸ்பிளிண்ட் இன்றைக்கும் எலும்பு வார்டுகளில் இருக்கிறது. மெக்கானிக்கல் பசங்க ஒரு தடவை பார்த்தால் ரசிப்பீங்க, இழுவிசையும் எதிர்விசையும் ஒரே சட்டத்துக்குள்ள அடங்கியிருக்கும்.

இனி மருந்துகள். நமக்குப் புரிகிற மொழியில் சொன்னால், வலி என்பது ஒரு சிக்னல். காயத்தில் சென்சார், நரம்பு என்கிற வயர், தண்டுவடத்தில் ஒரு கேட், மூளையில் பிராசஸர். ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு இடத்தில் கை வைக்கிறது.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை சென்சார் பக்கம் வேலை செய்யும். காயத்தில் சுரக்கும் புராஸ்டாகிளாண்டின்தான் நரம்பு முனைகளின் உணர்திறனை ஏற்றிவிடுகிறது, இவை அதைக் குறைக்கின்றன. பாராசிட்டமால் பெரும்பாலும் மூளைப் பக்கம். "வெறும் பாராசிட்டமாலா?"ன்னு உதட்டைப் பிதுக்காதீங்க. 2017-ல் நியூயார்க்கில் ஒரு ஆய்வு வெளியானது. கை கால் வலியோடு அவசர சிகிச்சைக்கு வந்த 416 பேரில் ஒரு பிரிவுக்கு ஐபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்த்துக் கொடுத்தார்கள். மற்ற பிரிவுகளுக்கு ஓபியாய்டு கலந்த மாத்திரைகள். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. சுளுக்கு, சின்ன முறிவுகளுக்கு இந்த ஜோடியே நல்ல தொடக்கம். ஆனால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் இருப்பவர்களுக்கு ஐபுப்ரோஃபென் வகை ஆகாது. சில ஆஸ்துமாக்காரர்களுக்கும் ஒத்துக்காது. அதனால் ஊசி போடும் முன்னாடி நீங்களாகவே சொல்லிடுங்க. வழியில் ஏதாவது மாத்திரை கொடுத்திருந்தால் பெயரையும் நேரத்தையும் சொல்லணும். எலும்பைப் பொருத்த மயக்க மருந்து தேவைப்படலாம், அதனால் ஜூஸ், டீ, பன் எதுவும் வாங்கிக் கொடுக்காதீங்க.

தொடை, முழங்கால் கீழ் எலும்பு மாதிரி பெரிய முறிவுகளுக்கு மாத்திரை போதாது. அங்கே மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டுகள். இவை தண்டுவடத்து கேட்டையும் மூளையையும் குறிவைப்பவை. மார்ஃபின் பொதுவாக கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் கணக்கு. 70 கிலோ ஆளுக்கு 7 மில்லிகிராம். அதையும் மொத்தமாகத் தள்ளாமல், 2 அல்லது 3 மில்லிகிராம் நரம்பில் ஏற்றி, சில நிமிடம் பார்த்து, "பத்துக்கு இப்போ எத்தனை?" என்று வலியின் அளவைக் கேட்டு, மூச்சைக் கவனித்து, மறுபடி கொஞ்சம். சுத்தமான ஃபீட்பேக் கன்ட்ரோல். மூச்சு மந்தமானால் திருப்ப நலாக்சோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது.

"மார்ஃபினா? அடிமையாயிடுவானே!" என்று வீட்டில் பதறுவார்கள். மருத்துவர் கண் முன்னால், முறிந்த எலும்புக்காகக் கொடுக்கும் ஓரிரு டோஸும், வீட்டுக்கு வாரக்கணக்கில் மாத்திரை கொடுத்தனுப்புவதும் ஒன்று இல்லை. இந்தப் பயம் சட்டத்திலும் இருந்தது. 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, லைசென்ஸ் தொல்லைக்குப் பயந்து பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வைப்பதையே விட்டுவிட்டன. 2014-ல் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கினார்கள். ஆனாலும் சின்ன ஊர்களில் பெரும்பாலும் டிராமடால்தான் கிடைக்கும். அதுவும் 2018-ல் அதே சட்டத்துக்குள் வந்துவிட்டது.

மார்ஃபின் இல்லாத இடத்திலும் கைகொடுப்பது கெட்டமைன். 1962-ல் உருவாக்கப்பட்டு, வியட்நாம் போரில் பயன்பட்ட மருந்து. மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பெரும்பாலும் அடக்காது என்பதே அதன் பலம். கிலோவுக்கு 0.1 முதல் 0.3 மில்லிகிராம் என்றால் வலி குறையும், ஆள் பேசிக்கொண்டிருப்பார். ஏறத்தாழ 1 மில்லிகிராம் என்றால் கண் திறந்திருக்கும், ஆள் அங்கே இருக்க மாட்டார். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் எலும்பை இழுத்துப் பொருத்திவிடலாம். தெளியும்போது சிலர் உளறுவார்கள், அதை வீடியோ எடுக்கிற நண்பர்கள் இருக்கீங்க, தயவுசெஞ்சு வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது வயரையே துண்டிக்கும் முறை. லிக்னோகெய்ன், பூபிவகெய்ன் போன்றவை நரம்பின் சோடியம் வாயில்களை அடைக்கின்றன, சிக்னல் மேலே போகாது. உங்க ரூம்மேட்டின் மணிக்கட்டுக்கு, முறிவில் தேங்கிய ரத்தக் கட்டிக்குள்ளேயே லிக்னோகெய்ன் செலுத்தி, மரத்ததும் நேராக்கலாம். பாத்ரூமில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்த பாட்டிக்கு இது இன்னும் பெரிய வரம். அந்த வயதில் ஓபியாய்டு அதிகமானால் குழப்பம் வரும், ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவார்கள். ஐபுப்ரோஃபென் வகை சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால் பாராசிட்டமாலோடு, அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்துக்கொண்டே தொடை நரம்பு போகும் சவ்வுக்கடியில் மரப்பு மருந்தைப் பரப்புவார்கள். பல மணி நேரம் வலி அடங்கியிருக்கும். இந்த வசதி எல்லா இடத்திலும் இல்லை. ஆனால் "நெர்வ் பிளாக் போட முடியுமா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

சரி, எக்ஸ்ரேக்கு முன்னாடி வலி மருந்து கொடுத்தால் நோய் மறைஞ்சிடாதா? முறிவு எக்ஸ்ரேயில் தெரியும், வலி மருந்து அதை அழிக்காது. வலி குறைந்தவன் ஆடாமல் கையை வைப்பான், படமும் தெளிவாக வரும். நெர்வ் பிளாக் போடும் முன் மட்டும் விரலில் உணர்ச்சியும் நாடித்துடிப்பும் இருக்கான்னு மருத்துவர் சோதித்துக் குறித்துவைக்கணும். மற்றபடி காத்திருக்கக் காரணம் இல்லை.

இன்னொன்றும் இருக்கு. வலியைச் சத்தமாகச் சொல்பவருக்கே மருந்து கிடைக்கும் என்பதும் இல்லை. 1993-ல் லாஸ் ஏஞ்சலஸில், கை கால் நீள எலும்பு முறிந்து வந்தவர்களை ஆராய்ந்தபோது, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரில் 55 சதவீதம் பேருக்கு வலி மருந்தே தரப்படவில்லை. வெள்ளையர்களில் அது 26 சதவீதம். ஒரே மாதிரி எலும்பு, ஒரே மருத்துவமனை. நம்ம கேஷுவாலிட்டி வரிசையில் லுங்கியோடு தனியாக உட்கார்ந்திருக்கும் கட்டடத் தொழிலாளியை அடுத்த தடவை பாருங்க, குறிப்பாக இந்தி மட்டும் தெரிந்தவரை. பத்துக்கு எத்தனை வலின்னு அவரிடம் யார் கேட்டிருப்பாங்க? உங்களுக்கு இந்தி தெரிஞ்சா நீங்க கேட்டு நர்ஸிடம் சொல்லலாம்.

கடைசியா, மாவுக்கட்டு போட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகு. கையை இதய மட்டத்துக்கு மேலே தலையணையில் வைத்தால் வலி நாளுக்கு நாள் குறையணும். மாறாக ராத்திரியில் வலி ஏறிக்கொண்டே போய், மாத்திரைக்கும் அடங்காமல், விரலை மெல்ல நீட்டினாலே துடிக்கிறான் என்றால், தசைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நெரிபடுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். அப்போ இன்னொரு மாத்திரை கொடுத்துப் படுக்கவைக்காதீங்க, வார்டன் கேட்டைத் திறக்க மறுத்தாலும் எழுப்பி 108-க்குப் போன் பண்ணுங்க.